கணிப்பொறி எழுதும் நாட்குறிப்பு

பாய்மரக் கப்பல்கள் கடலாண்ட காலத்தில், கப்பலின் வேகத்தை அறிய மாலுமிகள் ஓர் எளிய முறையைக் கையாண்டார்கள். ஒரு மரக்கட்டையை நீண்ட கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் போடுவார்கள். கட்டை விழுந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிடும். கப்பல் முன்னேற முன்னேறக் கயிறு அவிழ்ந்துகொண்டே போகும். கயிற்றில் ஏறத்தாழ 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி ஓடும் மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணினால் அதுவே கப்பலின் வேகம். 14.4-ஐ 28-ஆல் வகுத்து, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். 1.85 வரும். ஒரு கடல் மைலும் 1.85 கிலோமீட்டர்தான்!

மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். கட்டையைக் கொண்டு அளந்த வேகத்தை எழுதி வைத்த ஏடும் 'லாக் புத்தகம்' ஆயிற்று. நாளடைவில் காற்றின் திசை, நோயுற்ற மாலுமி, தொலைவில் தெரிந்த கரை என எல்லாமே அதில் ஏறின. இன்று கப்பலில் கட்டையும் இல்லை, கயிறும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கடலை ஒருநாளும் காணாத கணிப்பொறிகளும் 'லாக்' எழுதுகின்றன. அதைத் தமிழில் பதிவேடு என்போம்.

நீங்கள் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறி உங்களுக்கு அந்தப் பக்கத்தை எடுத்து அனுப்புகிறது. அதைச் 'சர்வர்' என்றும் வழங்கி என்றும் சொல்கிறோம். கேட்டவருக்குக் கேட்டதை வழங்குவதே அதன் வேலை. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் உங்கள் பதிவெண்ணைத் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடையை அனுப்பிய கையோடு வழங்கி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடும். அந்த வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

203.0.113.25 – 09:31:07 – முடிவுப் பக்கம் – 200 – 5120

முதலில் இருப்பது கேட்டவரின் இணைய முகவரி. அடுத்தது நேரம். பிறகு கேட்ட பக்கம். கடைசி எண், அனுப்பிய பைட்டுகள். நடுவில் உள்ள 200 என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 'கேட்டது கிடைத்தது' என்பதற்கு 200. 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்பதற்கு 404. 'என்னிடமே கோளாறு' என்பதற்கு 500. 'இப்போது தாங்க முடியவில்லை, பிறகு வா' என்பதற்கு 503. ஒரு நிமிடத்தில் ஆயிரம் வரிகள் எழுதப்பட்டு, அவற்றில் தொள்ளாயிரம் 503 என்று இருந்தால், ஆயிரம் மாணவர்களில் தொள்ளாயிரம் பேர் திரையைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். இதை மறுநாள் படித்து என்ன பயன்? அப்போதே படித்தால் இன்னொரு வழங்கியைத் துணைக்குச் சேர்க்கலாம்.

97 அஞ்சல்கள்

பதிவு இருந்தும் அதை உரிய நேரத்தில் யாரும் படிக்காவிட்டால் என்ன ஆகும்? 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். நைட் கேப்பிட்டல் என்பது பங்குகளை வாங்கி விற்கும் பெரிய நிறுவனம். அதன் 8 வழங்கிகளில் ஒரு புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள். எட்டாவது விடுபட்டுப்போயிற்று. அதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய நிரல் அப்படியே இருந்தது.

அன்று காலை 8 மணி 1 நிமிடம் முதலே அந்த நிறுவனத்தின் கணிப்பொறி அமைப்பு, பழைய நிரலின் பெயரையே குறிப்பிட்டு, 'பிழை' என்று மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கியது. 9.30 மணிக்குப் பங்குச்சந்தை திறப்பதற்குள் 97 அஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. அவை எச்சரிக்கையாகக் கருதி வடிவமைக்கப்பட்டவை அல்ல. வந்தவுடன் அவற்றைப் படிக்கும் வழக்கமும் அங்கே இல்லை. சந்தை திறந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்த 212 ஆணைகளை, பழைய நிரல் இலட்சக்கணக்கான ஆணைகளாகப் பெருக்கிச் சந்தையில் கொட்டியது. 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 இலட்சம் பரிமாற்றங்கள் நடந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. எந்த வழங்கியில் கோளாறு என்று தெரியாமல், பொறியாளர்கள் சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். கோளாறு எட்டுக்கும் பரவிற்று! அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆணையில் இத்தனையும் பதிவாகியிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கணிப்பொறி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

சாவிக்கொத்தால் ஒரு தடை

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞர் கணிப்பொறிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். கணிப்பொறியைப் பயன்படுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டிய கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. சில ரூபாய்க்கு ஒப்பான தொகை. வேறொருவராக இருந்தால் தம் கையிலிருந்து போட்டு ஈடுகட்டியிருப்பார். ஸ்டோல் விடவில்லை. நட்சத்திர ஒளியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டைத் தேடிப் பழகிய கண்கள் அல்லவா? யாரோ ஒருவர் பிறர் பெயரில் உள்ளே நுழைந்து கணிப்பொறியைப் பயன்படுத்துகிறார் என்று கண்டுகொண்டார்.

கணிப்பொறிக்குள் இருக்கும் பதிவேட்டை அவர் நம்பவில்லை. உள்ளே நுழைந்தவன் அதைத் திருத்திவிட முடியுமே! ஆகவே வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுக் கருவிகளைப் பொருத்தினார். நுழைந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அந்த விநாடியே காகிதத்தில் விழுந்தது. அவனுக்கோ அப்படி ஒரு கருவி இருப்பதே தெரியாது. ஒருமுறை அவன் ஆபத்தான ஓரிடத்தில் கைவைக்கப் போவதைக் கண்ட ஸ்டோல், தம் சாவிக்கொத்தால் இணைப்பின் முனைகளைத் தொட்டு இரைச்சலை உண்டாக்கினார். தொலைபேசித் தடம் சரியில்லை என்று எண்ணி அவன் விலகிக்கொண்டான். மறுநாள் காலையில் பதிவேட்டைப் படிப்பவரால் இதைச் செய்ய முடியுமா? ஏறத்தாழ ஓராண்டு முயற்சிக்குப் பின் அவன் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருப்பது தெரியவந்தது. இராணுவத் தொடர்புடைய கணிப்பொறிகளில் திருடிய செய்திகளைச் சோவியத் உளவு நிறுவனத்துக்கு விற்ற கும்பலைச் சேர்ந்தவன் அவன்.

ஸ்டோலுக்கு அச்சுக் கருவி. இன்றைய பொறியாளருக்கு? பெரும்பாலும், நீங்களும் நானும் செய்தி படிக்கப் பயன்படுத்தும் அதே இணைய உலாவிதான். நாம் பயன்படுத்தும் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் பெரும்பாலானவற்றில் உலாவி உண்டு. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. சென்னையில் ஒருவரும் பெங்களூரில் ஒருவரும் ஒரே பதிவேட்டை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் பேசலாம். ஆனால் உலாவியை இந்த வேலைக்குப் பழக்குவது எளிதாக இருக்கவில்லை.

கேட்டால்தான் பேசும்

பதிவேடு என்பது அடிப்பகுதியில் வளர்ந்துகொண்டே போகும் ஒரு கோப்பு. யூனிக்ஸ் இயக்க அமைப்பில் 'டெயில்', அதாவது 'வால்', என்று ஓர் ஆணை உண்டு. கோப்பின் கடைசி சில வரிகளை அது காட்டும். 'பின்தொடர்' என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், புதிய வரி சேரச் சேர அதையும் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு வழங்கிக்கு இது போதும். நூறு வழங்கிகள் இருந்தால் நூறு திரைகள் வேண்டுமே! ஆகவே எல்லா வழங்கிகளும் தங்கள் வரிகளை வலைப்பின்னல் வழியாக ஒரே இடத்துக்கு அனுப்பும் முறை வந்தது. 1980களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் உருவாக்கிய 'சிஸ்லாக்' இவ்வகையில் புகழ்பெற்றது. ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை ஓர் எண் தரும் வழக்கமும் அதனோடு வந்ததே. 0 என்றால் பேராபத்து. 7 என்றால் நிரல் எழுதுபவருக்கு மட்டுமே தேவைப்படும் சில்லறைச் செய்தி.

ஓரிடத்தில் சேர்ந்த வரிகளை உலாவிக்கு எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் சிக்கல். டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்து 1991இல் உலகுக்குத் தந்த வலையின் அடிப்படை விதி இது: உலாவி கேட்கும், வழங்கி விடை சொல்லும். அத்துடன் பேச்சு முடிந்தது. வழங்கி தானாக முன்வந்து 'இதோ ஒரு புதிய செய்தி' என்று சொல்ல வழியில்லை. நூலைக் கேட்டு வாங்கிப் படிப்பதற்கு இந்த விதி மிகப் பொருத்தம். ஆனால், அடுத்த வரி எப்போது வரும் என்று உலாவிக்கு எப்படித் தெரியும்?

முதல் வழி, விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பது. அஞ்சல் நிலையத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி 'எனக்குக் கடிதம் வந்ததா?' என்று கேட்பவரைப் போல. 20 பேர் ஒரு பதிவேட்டைப் பார்க்கிறார்கள் என்றால் நாளொன்றுக்கு 20 × 86,400, அதாவது 17,28,000 கேள்விகள்! ஒவ்வொன்றுக்கும் முகவுரையாக 500 பைட்டுகள் என்று கொண்டால்கூட 86 கோடி பைட்டுகள் வீண். பெரும்பாலான கேள்விகளுக்கு விடை 'ஒன்றுமில்லை'. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் வழங்கி தன் பதிவேட்டில் எழுதுமல்லவா? பதிவேட்டைப் பார்ப்பதாலேயே பதிவேடு பெருக்கும். சிறிய கிண்ணத்து வெந்நீரில் பெரிய வெப்பமானியை வைத்தால் நீரின் வெப்பநிலையே குறைந்துவிடும் என்று இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதே கதைதான்.

இரண்டாவது வழி கொஞ்சம் தந்திரமானது. உலாவி கேட்கும்; புதிய வரி இல்லையென்றால் வழங்கி 'இல்லை' என்று சொல்லாமல் பேசாமல் இருக்கும். வரி வந்ததும் விடை தரும். உலாவி உடனே அடுத்த கேள்வியைக் கேட்கும். கடிதம் வரும்வரை அஞ்சல் நிலையத்துச் சாளரத்தருகே நின்றுவிடுவதைப் போன்றது இது.

மூன்றாவது வழியில் உலாவி ஒருமுறைதான் கேட்கும். வழங்கி விடையைத் தொடங்கும். ஆனால் முடிக்கவே முடிக்காது! குழாயைத் திறந்து வைத்ததுபோல் வரிகள் வந்துகொண்டே இருக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் உலாவி தானே மீண்டும் இணையும். கடைசியாகப் பெற்ற வரியின் அடையாளத்தையும் சொல்லும். வழங்கி அந்த அடையாளங்களை வைத்திருக்குமானால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு வரியும் நழுவாது.

நான்காவது, 2011இல் தர நெறியாக ஏற்கப்பட்ட 'வெப்சாக்கெட்'. வழக்கமான கேள்வியோடுதான் இதுவும் தொடங்கும். ஆனால் அந்தக் கேள்வியிலேயே 'இனி வேறு முறையில் பேசலாமா?' என்று உலாவி கேட்கும். வழங்கி 101 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பினால் சம்மதம். அதன் பிறகு தொலைபேசி உரையாடல்தான். இருவரும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். 125 பைட்டுக்குள் அடங்கும் ஒரு செய்தியை வழங்கி அனுப்ப, மேலுறையாக 2 பைட்டுகள் போதும். 500 எங்கே, 2 எங்கே!

பதிவேட்டைப் பார்ப்பதற்கு மூன்றாவது வழியே போதும் என்பது என் கருத்து. வரிகள் ஒரு திசையில்தானே ஓடுகின்றன? ஆயினும் வெப்சாக்கெட்டையே பலர் விரும்புகிறார்கள். 'பிழைகளை மட்டும் காட்டு', 'சற்றே நிறுத்து' என்று பார்ப்பவரும் அதே இணைப்பில் பேசலாம் என்பது அதன் வசதி. 'கோஆக்செஸ்' என்ற இலவச நிரல், வழங்கியின் பதிவேட்டைப் படித்து வெப்சாக்கெட் வழியே உலாவியில் வரைபடங்களாகக் காட்டுகிறது.

உடனுக்குடன் என்றால் எவ்வளவு உடன்?

சுழி நேரம் என்று எண்ணிவிட வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சிங்கப்பூரில் உள்ள வழங்கியின் வரி சென்னைக்கு நேர்க்கோட்டில் வந்தாலும், 2,900 கிலோமீட்டரைக் கடக்க 14.5 மில்லிவிநாடி ஆகும். இது இயற்கை விதித்த எல்லை. ஆனால் உண்மையான தாமதம் பெரும்பாலும் இயற்கையால் வருவதில்லை, சிக்கனத்தால் வருகிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியே வட்டில் எழுதுவது செலவு மிக்க வேலை என்பதால், பல நிரல்கள் சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை வரிகளை நினைவகத்தில் தேக்கிவைத்து மொத்தமாக எழுதுகின்றன. அந்த நேரத்தில் நிரல் திடீரென்று நின்றுபோனால் தேங்கிய வரிகள் எழுதப்படாமலே அழியும். விபத்துக்குச் சற்று முந்திய வரிகள்தாமே நமக்கு மிகவும் தேவை? ஆகவே பிழை வரிகளை மட்டுமாவது தேக்காமல் உடனே எழுத வேண்டும்.

நூறு வழங்கிகளின் கடிகாரங்கள் நூறு விதமாக ஓடினால், காரணம் பின்னும் விளைவு முன்னுமாகப் பதிவேட்டில் தோன்றும். இதைத் தவிர்க்க, டேவிட் மில்ஸ் 1985இல் வகுத்த வலைப்பின்னல் நேர நெறிமுறை பயன்படுகிறது. இந்தியக் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தவேண்டும் என்றும் கூறுகிறது. சீசியம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைப் பேணுவது டெல்லியிலுள்ள இந்த இயற்பியல் ஆய்வகமே.

வரிகள் வெள்ளமாக வரும்போது வேறொரு தொல்லை. விநாடிக்கு ஐந்நூறு வரிகள் திரையில் ஓடினால் எந்த மனிதரால் படிக்க முடியும்? உலாவியின் நினைவகமும் நிரம்பித் திணறும். ஆகவே நல்ல கண்காணிப்புப் பக்கம் கடைசிச் சில ஆயிரம் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றைக் கழித்துவிடும். வரிகளைக் காட்டுவதைவிட, நிமிடத்துக்கு எத்தனை 500 என்ற எண்ணிக்கையைக் கோட்டுப்படமாகக் காட்டும். அதையும் வழங்கி வாரியாகக் காட்டும். எட்டுக் கோடுகளில் ஒன்று மட்டும் மேலே எழுந்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடுமல்லவா?

பார்ப்பவருக்கும் ஆபத்து

பதிவேட்டில் என்னவெல்லாம் எழுதப்படுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம் தன் பயனர்கள் 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. மறைகுறியாக மாற்றப்படும் முன்பே கடவுச்சொற்கள் ஓர் உள் பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டிருந்ததுதான் காரணம்.

இன்னொன்று. பதிவேட்டின் வரியில் ஒரு பகுதியை, வெளியே இருக்கும் முன்பின் அறியாத ஒருவர் எழுதுகிறார் என்பதை மறக்கக் கூடாது. கேட்கும் பக்கத்தின் பெயராக அவர் எதை வேண்டுமானாலும் தட்டலாம். ஒரு சிறு நிரலையே தட்டினால்? வழங்கி அதை எழுத்தாகக் கருதிப் பதிவேட்டில் எழுதிவிடும். அந்த வரி கண்காணிப்பவரின் உலாவிக்கு வரும்போது, உலாவி அதை நிரலாகக் கருதி இயக்கிவிட்டால் காவலரே களவுக்குத் துணைபோனவர் ஆவார். ஆகவே வந்த எழுத்தை எழுத்தாக மட்டுமே காட்டும்படி கோண அடைப்புக்குறிகளை மாற்றுக் குறிகளாக்கித்தான் திரைக்கு அனுப்ப வேண்டும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. பதிவேடு எழுதுவதற்கென்றே உலகெங்கும் பயன்பட்ட 'லாக்4ஜே' என்ற நிரல்தொகுப்பில் 2021 டிசம்பரில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. எழுத வந்த வரியில் ஒரு குறிப்பிட்ட குறியமைப்பு இருந்தால், அந்த நிரல்தொகுப்பு அதில் சொல்லப்பட்ட முகவரிக்குப் போய், அங்கிருப்பதை எடுத்துவந்து இயக்கவும் முற்பட்டது. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் உரையாடல் பெட்டியில் ஒரே ஒரு வரி தட்டியே அந்த வழங்கியைக் கைப்பற்ற முடிந்தது! உலகெங்கும் பொறியாளர்கள் அந்த மாதம் முழுவதும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்களே பாருங்கள்

உங்கள் உலாவியும் இத்தகைய ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. பள்ளிக் கணிப்பொறி அறையில் ஆசிரியரின் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். கிரிக்கெட் நேரடி ஓட்ட விவரம் தரும் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்துங்கள். கீழேயோ பக்கத்திலோ ஒரு பலகை திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். உலாவி கேட்கும் ஒவ்வொன்றும் ஒரு வரியாக இறங்கும். பக்கத்தில் விடை எண், பைட்டுகள், ஆன நேரம்.

பிறகு எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். குறித்த இடைவெளியில் ஒரே மாதிரியான வரி மீண்டும் மீண்டும் வருகிறதா? அந்தத் தளம் அஞ்சல் நிலையத்துக்கு ஓடும் முறையைக் கையாள்கிறது. எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது என்று கணக்கிடுங்கள். புதிய வரி எதுவும் இல்லாமலே ஓட்டம் மாறுகிறதா? பட்டியலில் தேடுங்கள், எங்கேனும் ஒரு 101 இருக்கக்கூடும். நடுவே 304 என்ற எண்ணையும் காண்பீர்கள். 'நீ முன்பு வாங்கிப்போனது மாறவில்லை, அதையே வைத்துக்கொள்' என்று வழங்கி சொல்கிறது.